புதுச் சரக்கும் தரகு மதிப்புரையும்

புதிதாக ஆக்கப்பட்ட ஒன்றை உலகுக்கு எடுத்துரைக்கத் தக்கவர் யாவர் என்னும் வினா தமிழுக்குப் புதியதன்று. சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன் பாயிரப் பகுதியிலேயே இதனை எடுத்துக்கொண்டு விடையும் கூறுகின்றது. எத்துணை நுட்பமான நூலைச் செய்தவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது நன்னூலார் கொள்கை. ஆகவே நூலின் சிறப்பைப் பிறர் உரைத்தல் வேண்டும். அப்பிறர் யாவர்? நூலாசிரியனுடைய ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவனுடைய மாணாக்கன், அந்நூலுக்கு உரை கண்டவன் என நால்வர். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒருசாலை மாணாக்கராய் இருந்தவர் என்பது உரைமரபு.

இந்நால்வருள் எவரும் நூலாசிரியனுக்கு அயலார் அல்லர் என்பது கருதத்தக்கது. நடுநிலை வேண்டுமாயின் முன்பின் அறியாத ஒருவனையன்றோ நன்னூலார் தேடியிருக்க வேண்டும் என்று இக்காலத்தார் வினவக்கூடும். இம்மரபில் உள்ள காப்பு வேறு வகையானது. புகழ்பவன் இன்னான், அவன் நூலாசிரியனுக்கு இன்ன உறவினன் என்பது கற்பார்க்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகின்றது. உறவை அறிந்தவர் உரையையும் அதற்கேற்ப எடைபோட்டுக்கொள்வர். அன்றியும், சிறப்புப் பாயிரம் இன்னின்ன கூறவேண்டும் என்று ஒரு வரையறையும் உண்டு. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என அவை எட்டு. செய்தவன் யார், எதைப் பற்றியது, யாருக்கு உரியது, என்ன பயன் தரும் என்பவற்றைச் சொல்லி முடித்த பிறகே புகழுக்கு இடம். பிற்காலத்தில் அச்சு நூல்களின் முகப்பில் பக்கம் பக்கமாகச் சாற்றுகவிகள் பெருகியபோது இவ்வரையறை நெகிழ்ந்துவிட்டது. ஆயினும் பாடியவர் பெயரும் ஊரும் மேலே இருந்தன.

இன்று இணையத்தில் ஒரு தொழில் நடைபெறுகின்றது. ஒருவர் தமக்கென ஓர் இணையப் பக்கத்தை அமைத்துக்கொள்கின்றார். சந்தைக்குப் புதிதாக வரும் கைப்பேசி, சமையற் கருவி, சத்துமாவு, கணினி நிரல் முதலியவற்றைத் தேடிப் பிடித்து மதிப்புரை எழுதுகின்றார். உரையின் அடியில் கடைக்குச் செல்லும் வழி ஒன்றை வைக்கின்றார். அவ்வழியே சென்று எவரேனும் பொருள் வாங்கினால், விலையில் ஒரு பங்கைக் கடைக்காரர் எழுதியவருக்குத் தரகாகக் கொடுக்கின்றார். பழைய பொருளைப் பற்றி ஆயிரம் பக்கங்கள் முன்னமே இருக்கும். நேற்று வந்த பொருளைப் பற்றி ஒன்றிரண்டே இருக்கும். அதன் பெயரைத் தேடுகின்றவர் அந்த ஒன்றிரண்டு பக்கங்களுக்கே வந்து சேர்வார். ஆதலின் இத்தொழிலுக்குக் கைம்முதல் முந்துதலே.

இது கணினிக் காலத்தின் குழந்தை என்று பலர் எண்ணுவர். இதன் முன்னோர் 18-ஆம் நூற்றாண்டு இலண்டனில் புத்தகக் கடை வைத்திருந்தனர்.

இரு புத்தகக் கடைகள்

ரால்ப் கிரிபித்ஸ் என்னும் புத்தக வணிகர் 1749-ஆம் ஆண்டில் ‘மந்த்லி ரிவியூ’ என்னும் திங்களிதழைத் தொடங்கினார். வெளிவரும் புது நூல்கள் அனைத்தையும் குறித்துச் செய்தி தருதல் அதன் நோக்கம். நூல்கள் மலிந்து, எதை வாங்குவது என்று தெரியாமல் மக்கள் திகைத்த காலம் அது. ஆகவே இதழுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. எழுதியவர் பெயர்கள் வெளியிடப்படவில்லை. கிரிபித்ஸ் தம் சொந்தப் படியில் மட்டும் அவற்றைக் குறித்து வைத்தார். அப்படி ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் இன்றும் உள்ளது. அதனைக் கொண்டே 20-ஆம் நூற்றாண்டு ஆராய்ச்சியாளர் எழுதியவர் இன்னார் என்று கண்டனர்.

கிரிபித்ஸ் நூல்களை மதிப்பிடும் இதழுக்கு உரிமையாளர். நூல்களை வெளியிடும் வணிகரும் அவரே. ஜான் கிளீலண்டு என்பவரின் நாவல் ஒன்று ஒழுக்கக்கேடு மிக்கது என்று அரசின் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. அதன் சுருக்கப் பதிப்பை 1750-இல் கிரிபித்ஸ் வெளியிட்டார். அவருடைய இதழிலேயே அதற்கு ஆதரவான மதிப்புரை வந்தது. வெளியிட்டவரும் மதிப்பிட்டவரும் ஒரே கடைக்காரர் என்பது அம்மதிப்புரையில் சொல்லப்படவில்லை. இதழ் தொடங்கி ஓராண்டு முடியுமுன்னரே நிகழ்ந்தது இது.

1757-இல் வறுமையால் வாடிய இளைஞர் ஒருவர், உணவும் உறையுளும் சம்பளமும் பெற்று, கிரிபித்சின் இல்லத்திலேயே தங்கி மதிப்புரை எழுதிக் கொடுத்தார். அவர்தாம் பின்னாளில் ‘வேக்பீல்டு பாதிரியார்’ என்னும் நாவலால் புகழ்பெற்ற ஆலிவர் கோல்ட்ஸ்மித். கிரிபித்சும் அவர் மனைவியும் தம் எழுத்தில் கைவைத்து மாற்றினர் என்று கோல்ட்ஸ்மித் குறைகூறியதாக வாழ்க்கை வரலாற்றாசிரியர் கூறுவர். சில திங்களிலேயே அவ்வேலை முறிந்தது.

பின்னர் அவருக்குத் துணைநின்றவர் மற்றொரு புத்தக வணிகராகிய ஜான் நியூபெரி. குழந்தை நூல் வெளியீட்டின் தந்தை என்று போற்றப்படுபவர் இவர். அமெரிக்க நூலகத்தார் 1922 முதல் சிறந்த குழந்தை நூலுக்கு அளிக்கும் பதக்கம் இவர் பெயரால் வழங்குகின்றது. 1744-இல் இவர் வெளியிட்ட சிறு நூலை வாங்கும் ஆண் பிள்ளைகளுக்குப் பந்தும் பெண் பிள்ளைகளுக்கு ஊசி செருகும் மெத்தையும் சேர்த்து விற்றார். வணிகம் அறிந்தவர்! இவர் கடையில் நூல்களோடு மருந்துகளும் விற்கப்பட்டன. அவற்றுள் பெயர்பெற்றது டாக்டர் ராபர்ட் ஜேம்ஸ் கண்ட காய்ச்சல் தூள்.

1765-இல் நியூபெரி வெளியிட்ட ‘குடி டூ ஷூஸ்’ என்னும் சிறுவர் கதையில், கதைத் தலைவியாகிய ஏழைச் சிறுமியின் தந்தை கடுங்காய்ச்சலால் இறக்கின்றார். ஏன் இறந்தார்? டாக்டர் ஜேம்சின் தூள் கிடைக்காத ஊரில் காய்ச்சல் கண்டதனால் என்று கதை கூறுகின்றது. தூளை விற்பவர் கடையிலிருந்தே அந்நூலும் வெளிவந்தது. தாய் மடியில் அமர்ந்து படம் பார்க்கும் பிள்ளைக்கு அங்கே ஒரு விளம்பரம் ஊட்டப்படுகின்றது என்பதைத் தாயும் உணர்ந்திருக்க மாட்டாள். அக்கதையை எழுதியவர் கோல்ட்ஸ்மித்தே என்று கருதுவாரும் உளர், அது முடிவாகவில்லை.

முடிவான செய்தி ஒன்று உண்டு. 1774-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில் கோல்ட்ஸ்மித் நோயுற்றார். மருந்தாளராகிய வில்லியம் ஹாவ்ஸ் தடுத்தும் கேளாமல், ஜேம்சின் தூளையே வேண்டி உட்கொண்டார். நோய் முற்றி ஏப்ரல் 4-ஆம் நாள் இறந்தார். ஹாவ்ஸ் அவ்வாண்டிலேயே நடந்தவற்றை நூலாக வெளியிட்டார். அத்தூளில் ஆண்டிமனி என்னும் கனிமத்தின் கலப்பு இருந்தது. வாந்தியும் பேதியும் உண்டாக்கி உடலை வற்றச் செய்ய வல்லது. கோல்ட்ஸ்மித்தைக் கொன்றது சிறுநீரக நோயா, தூளா என்று மருத்துவர் இன்னும் வாதிடுவர். மருத்துவம் பயின்றவர் என்று பெயர் பெற்றிருந்த ஒருவரே அதனை அவ்வளவு நம்பினார் என்றால், அந்நம்பிக்கையை வளர்த்த எழுத்தின் வலிமை எத்தகையது என்பது தெளிவு.

கோல்ட்ஸ்மித் இறந்து ஐந்தாண்டு கழித்து, 1779-இல், ஷெரிடன் எழுதிய ‘தி கிரிட்டிக்’ நாடகம் இலண்டனில் அரங்கேறியது. கூலிக்குப் புகழுரை எழுதுவதையே தொழிலாகக் கொண்ட பாத்திரம் ஒன்று அதில் வருகின்றது. புகழுரையை நேர்முகம், முன்னறிவிப்பு, கூட்டுச்சதி என்றெல்லாம் இலக்கண ஆசிரியரைப் போல் வகைப்படுத்திக் காட்டும் அப்பாத்திரத்தைக் கண்டு இலண்டன் மக்கள் நகைத்தனர். நகைத்தவர் மறுநாள் காலை செய்தித்தாளில் அதே புகழுரைகளை நம்பிப் பொருள் வாங்கினர் என்றும் கொள்ளலாம். 1802-இல் தொடங்கிய ‘எடின்பரோ ரிவியூ’ எல்லா நூல்களையும் குறிப்பிடும் முறையைக் கைவிட்டது. சிலவற்றையே தேர்ந்து விரிவாக ஆராய்ந்தது. எழுதியவர்க்குக் கூலியும் தாராளமாகக் கொடுத்தது. புதியன அனைத்தையும் ஓடிப் பிடிக்கும் வேலையை அது பிறர்க்கு விட்டுவிட்டது.

சிவப்பு எழுத்து

அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புட்டி மருந்துகள் பெருகின. செய்தித்தாள்களின் வருவாயில் பெரும்பங்கு அவற்றின் விளம்பரத்தால் வந்தது. நோய் நீங்கியதாக நற்சான்றுக் கடிதங்கள் படத்துடன் வெளிவந்தன. 1905-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் ‘காலியர்ஸ்’ வார இதழில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் தொடர்ந்து எழுதிய கட்டுரைகள் இவ்வாணிகத்தின் திரையைக் கிழித்தன. சளிக்கு மருந்தெனப் பெயர்பெற்ற ‘பெருனா’வில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பங்கு சாராயம் என்று அவர் காட்டினார்.

மருந்து வணிகர் செய்தித்தாள்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. அம்மாநிலத்தில் புட்டி மருந்துகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றப்பட்டால் ஒப்பந்தம் செல்லாது என்பது அதன் கருத்து. சிவப்பு எழுத்தில் அச்சிடப்பட்டமையால் ‘சிவப்பு விதி’ என்று அதற்குப் பெயர். செய்தித்தாள் ஆசிரியர் பொய் எழுத வேண்டியதில்லை. சட்டத்துக்கு ஆதரவாக எழுதாமல் இருந்தாலே போதும். விளம்பரப் பணம் பேச்சை மட்டுமன்றி வாளாமையையும் விலைக்கு வாங்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. 1906-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் தூய உணவு மருந்துச் சட்டம் நிறைவேறியது.

பின்னர் இதழ்களே சரக்குகளைச் சோதித்து முத்திரையிடும் வழக்கம் தோன்றியது. ‘குட் ஹவுஸ்கீப்பிங்’ என்னும் மகளிர் இதழ் 1909 முதல் தன் நன்முத்திரையை வழங்கிற்று. இதழுக்குச் சோதனைச்சாலை இருந்தது உண்மை. ஆயினும் முத்திரைக்கும் விளம்பரத்துக்கும் இருந்த நெருக்கம் ஐயத்தைத் தந்தது. 1939-இல் கூட்டரசு வணிக ஆணையம் குற்றஞ்சாட்டி, 1941-இல் தடையாணையும் பிறப்பித்தது.

கடையில் காசு கொடுத்து வாங்கியவர்கள்

மாற்று வழி 1927-இல் ஒரு நூலாக வந்தது. ஸ்டூவர்ட் சேஸ், எப். ஜே. ஷிலிங்க் என்னும் இருவர் எழுதிய ‘யுவர் மணீஸ் வொர்த்’ என்பது அது. அரசுத் துறைகள் தாம் வாங்கும் பொருள்களைச் சோதித்து வாங்குகின்றன. குடும்பத் தலைவி மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டும் என்பது அதன் வினா. 1929-இல் ஷிலிங்கின் ஆராய்ச்சிக் கழகம் எழுந்தது. 1935-இல் அங்கு வேலை நிறுத்தம் மூண்டது. பிரிந்து வந்தவர்கள் 1936-இல் பயனீட்டாளர் ஒன்றியத்தை அமைத்தனர். ஆர்தர் காலெட் அதன் இயக்குநர். கல்லூரிப் பேராசிரியரான கோல்ஸ்டன் வார்ன் 1979 வரை தலைவர்.

அவ்வாண்டு மே திங்களில் முதல் இதழ் வந்தது. பால், குளியற் சவர்க்காரம், காலுறை முதலிய எளிய பொருள்களே அதில் ஆராயப்பட்டன. விலை உயர்ந்த பொருள்களை வாங்கிச் சோதிக்கப் பணமில்லை. விளம்பரம் பெறுவதில்லை, உற்பத்தியாளர் அனுப்பும் பொருளைச் சோதிப்பதில்லை, பெயர் சொல்லாமல் கடையில் காசு கொடுத்து வாங்கிய பொருளையே சோதிப்பது என்பன அதன் விதிகள். அவ்வொன்றியம் தன் இதழுக்கு விளம்பரம் கொடுக்க முன்வந்தபோது ‘நியூயார்க் டைம்ஸ்’ உள்ளிட்ட பல இதழ்கள் ஏற்க மறுத்தன. மற்ற விளம்பரக்காரர் மனம் கோணாதிருக்க வேண்டுமல்லவா?

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. அது மெதுவானது. சந்தைக்கு வந்த பிறகு வாங்கி, பல நாள் உழைக்கவிட்டு, தேய்வையும் உடைவையும் அளந்து எழுத வேண்டும். அதற்குள் புதுமை பழமையாகிவிடும். முந்துதலும் சோதித்தலும் ஒன்றோடொன்று முரண்படும் இரு பண்புகள் என்பதை வார்ன் காலத்தவர் அறிந்தே ஒன்றைத் தேர்ந்தனர்.

இங்கிலாந்தில் மைக்கேல் யங் என்பவரின் முயற்சியால் 1957-ஆம் ஆண்டு அக்டோபரில் ‘விச்?’ இதழ் தோன்றியது. இலண்டன் பெத்னல் கிரீனில் வண்டி நிறுத்தும் கொட்டகை ஒன்றே அதன் முதல் அலுவலகம். மின்கெண்டி, ஆஸ்பிரின், குளிர்கண்ணாடி முதலியன அதில் ஆராயப்பட்டன. 1960-இல் உலகப் பயனீட்டாளர் சங்கங்களின் கூட்டமைப்பு நெதர்லாந்தின் ஹேக் நகரில் உருவாயிற்று.

இவ்வியக்கத்துக்கும் மலேசியாவுக்கும் உள்ள தொடர்பு சிறியதன்று. 1969-இல் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் தோன்றியது. 2019-இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் அதன் தலைவராய் நெடுங்காலம் பணியாற்றினார். அச்சங்கம் மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் மக்களுக்கு எடுத்துரைத்தது. உலகக் கூட்டமைப்பின் வட்டார அலுவலகமும் பினாங்கில் அமைந்தது. 1978-இல் மலேசியரான அன்வார் பசால் கூட்டமைப்பின் தலைவரானார். சிங்கப்பூரில் பயனீட்டாளர் சங்கம் 1971-இல் அமைந்தது.

தரகு திரும்பியது

1989-இல் அமெரிக்காவின் ‘புரோடிஜி’ என்னும் கணினிச் சேவையில் வில்லியம் டோபின் ஒரு பூக்கடை நடத்தினார். பங்கு கொடுத்து வணிகம் தேடும் முறையின் தொடக்கத்தை அங்கே காண்பர். 1994-இல் ‘சிடிநவ்’ என்னும் இசைத்தட்டுக் கடை, பிற பக்கங்கள் தன்னிடம் ஆள் அனுப்பினால் பங்கு தருவதாகக் கூறிற்று. 1996-ஆம் ஆண்டு ஜூலையில் அமேசான் புத்தகக் கடை இதனை எவரும் சேரக்கூடிய திட்டமாக்கியது. மீண்டும் ஒரு புத்தகக் கடை! அத்திட்டத்தில், வழியைத் தொட்டுக் கடைக்குள் சென்றவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கும் பொருளுக்குத் தரகு உண்டு. மதிப்புரை சரியா தவறா என்பது கணக்கில் வருவதில்லை.

இதனால் புதுச் சரக்கைத் தேடுவது தனிக்கலையாயிற்று. 1967 முதல் நடைபெறும் அமெரிக்க மின்னணுப் பொருட்காட்சியைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்போர் உளர். வானலையை வெளியிடும் கருவி எதுவும் அமெரிக்காவில் விற்பனைக்கு வருமுன் கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டும். அவ்வாவணங்கள் பொதுமக்கள் பார்வைக்கு உரியவை. அவற்றைத் துருவி, உற்பத்தியாளர் அறிவிக்கு முன்னரே புதுக் கருவியை அறிபவர் உளர். 2009-இல் தொடங்கிய ‘கிக்ஸ்டார்ட்டர்’ என்னும் தளத்தில், இன்னும் செய்யப்படாத பொருளுக்கே மக்கள் முன்பணம் கட்டுகின்றனர். 2013-இல் தோன்றிய ‘பிராடக்ட் ஹண்ட்’ நாள்தோறும் புதியனவற்றைப் பட்டியலிடுகின்றது. கணினி நிரல்களும் பாடத் தொகுப்புகளும் விற்போர் வெளியீட்டு நாளை முன்கூட்டியே தரகர்க்கு அறிவிப்பர். அந்நாள் விடியுமுன் மதிப்புரைகள் அணிவகுத்து நிற்கும். பொருளின் பெயரோடு ‘ஏமாற்றா?’ என்னும் சொல்லைத் தலைப்பில் சேர்த்து, ஐயுற்றுத் தேடுவாரை இழுத்து, உள்ளே புகழ்ந்து, கீழே கடைவழியை வைப்பதும் இவர்கள் கண்ட உத்தி. ஷெரிடன் இருந்திருந்தால் தம் பட்டியலில் ஒன்றைக் கூட்டியிருப்பார்.

பொருளைத் தொடாமலே எழுதுவதன் விளைவு எத்தகையது? 2014-இல் ‘கூலஸ்ட் கூலர்’ என்னும் குளிர்பெட்டிக்கு 62,000-க்கு மேற்பட்டோர் கிக்ஸ்டார்ட்டர் வழியே ஒரு கோடியே 30 இலட்சம் அமெரிக்க வெள்ளி கட்டினர். பழச்சாறு அரைக்கும் கருவி, ஒலிபெருக்கி முதலியன அப்பெட்டியிலேயே பொருத்தப்பட்டிருக்கும் என்றனர். எங்கும் அதைப் பற்றியே பேச்சு. 2019 இறுதியில் நிறுவனம் மூடப்பட்டபோது ஏறத்தாழ 20,000 பேருக்குப் பெட்டி வந்து சேரவில்லை.

அரசுகள் இதனை வாளா பார்த்திருக்கவில்லை. அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2009-இல் தன் வழிகாட்டு நெறிகளைத் திருத்தி, இணையத்தில் எழுதுவோரும் விற்பனையாளரோடு தமக்குள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. பணம் பெறுதலையோ உறவு கொள்ளுதலையோ அது தடுக்கவில்லை, மறைத்தலையே தடுத்தது. பாயிரமரபு பயின்ற தமிழாசிரியர்க்கு இதன் உட்கருத்து எளிதில் விளங்கும். சிங்கப்பூரின் விளம்பரத் தர ஆணையமும் 2016-இல் சமூக ஊடக விளம்பரத்துக்கு இதையொத்த நெறிகளை வெளியிட்டது. போலி மதிப்புரைகளை, பொறி எழுதியவை உட்பட, தடைசெய்யும் அமெரிக்க விதி 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கூகுள் நிறுவனம் 2021 ஏப்ரல் முதல், பொருளைக் கையாண்டு ஆழ்ந்து எழுதிய உரைகளை முன்னிறுத்தும் வகையில் தன் தேடல் முறையை மாற்றியது.

தரகையே நம்பி வாழ்வதன் இடர் 2020 ஏப்ரலில் வெளிப்பட்டது. அமேசான் தன் பங்குவீதத்தைக் குறைத்தது. வீட்டுத் தட்டுமுட்டுப் பொருள்களுக்கு 8 விழுக்காடாக இருந்தது 3 ஆயிற்று. மளிகைக்கு 5 விழுக்காடு 1 ஆயிற்று. எழுதியவர் எவரையும் கேட்கவில்லை.

2011-இல் பிரையன் லாம் தொடங்கிய ‘வயர்கட்டர்’ இத்துறையில் வேறு வழி சென்றது. அன்றாடம் வரும் புதியனவற்றை விரட்டாமல், ஒவ்வொரு வகையிலும் பலவற்றைப் பல நாள் சோதித்து, ஒன்றையே பரிந்துரைத்தது. வருவாய் மட்டும் தரகினால் வந்தது; அதை மறைக்கவும் இல்லை. 2016-இல் ஏறத்தாழ 3 கோடி அமெரிக்க வெள்ளிக்கு அதனை வாங்கியது ‘நியூயார்க் டைம்ஸ்’; எண்பதாண்டுக்கு முன் பயனீட்டாளர் ஒன்றியத்தின் விளம்பரத்தை ஏற்க மறுத்த அதே இதழ். பயனீட்டாளர் ஒன்றியமும், ‘கன்சூமர் ரிப்போர்ட்ஸ்’ என்னும் தன் இதழின் பெயரையே தன் பெயராகக் கொண்டு, இன்று இணையப் பக்கத்தில் கடைவழிகளை வைத்துள்ளது. அவ்வழிகளால் தரகு வரக்கூடும் என்றும், வரும் தொகை முழுதும் சங்கப் பணிக்கே செல்கின்றது என்றும் ஒரு குறிப்பு அங்கே காணப்படுகின்றது. சோதிக்கும் பொருள்களை அது இன்றும் பெயர் சொல்லாமல் கடையிலேயே வாங்குகின்றது.